புழுதி வாரியமும் மாதேஸ்வரியின் மூச்சும்

மாதேஸ்வரிக்குச் சில நாட்களில் மூச்சு நன்றாக வந்தது. முனிவேலுக்குப் புரியாமல் இருந்தது அதுதான்.

மூச்சு வராத நாட்களுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. காரணம் மரம் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலிலேயே போய்க்கொண்டிருந்தது. கெம்பகானப்பள்ளி, பாகலூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் தைலமரத் தோப்புகள். இந்தப் பக்கம், ஊர் முடிகிற இடத்தில், மரக் கிடங்கு. வெட்டிய மரமெல்லாம் ஊரின் ஒரே தெரு வழியாகத்தான் கிடங்குக்குப் போக வேண்டும். நெடுஞ்சாலை வழியாகவும் போகலாம். ஆனால் அங்கே எடைமேடை இருக்கிறது, சுங்கச்சாவடி இருக்கிறது. கெம்பகானப்பள்ளியில் வெங்கடம்மாளின் டீக்கடைதான் இருக்கிறது. அது லாரியை எடை போடாது.

விடிந்ததும் மாதேஸ்வரி கதவைச் சாத்திவிட்டு, சன்னலில் நனைத்த சேலையைத் தொங்கவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சை இழுப்பாள். முனிவேல் மூக்கண்டப்பள்ளியில் ஒரு போல்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவன். இருட்டோடு கம்பெனி பஸ் ஏறி, இருட்டோடு இறங்குபவன். இறங்கி வரும்போது வீட்டுக்குள்ளிருந்து அந்த விசில் சத்தம் கேட்கும். ஆனால் திடீரென்று ஒரு நாள் சத்தம் இருக்காது. சேலை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அடுப்பில் முட்டைக்கோசு தாளிக்கும் வாசனை வரும். மாதேஸ்வரி திரும்பிப் பார்த்து, “ஏங்க, கம்பெனியில டீ குடுக்கலையா, இல்ல சூப்பர்வைசர் திட்டிட்டானா, மூஞ்சி ஏன் புண்ணாக்கு மாதிரி இருக்குது?” என்று ஒரே மூச்சில் கேட்பாள். மறுநாள் மறுபடியும் விசில்.

“நேத்து என்ன சாப்பிட்ட?”

“உங்க தலைய.”

லாரி தினமும்தான் ஓடுகிறது என்று நினைத்திருந்த அவன், கத்தரிக்காயைச் சந்தேகப்பட்டான், அதை நிறுத்தினான். அமாவாசையைச் சந்தேகப்பட்டான், அதை நிறுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டு நாயைக்கூடச் சந்தேகப்பட்டான்.

“கத்தரிக்கா பாவங்க,” என்றாள் மாதேஸ்வரி, சொல்லுக்குச் சொல் நின்று. “அது என் நெஞ்சு மேல… லாரி ஓட்டலையே.”

இந்த இழுப்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதாக விளங்கும். நுரையீரலுக்குள் போகிற குழாய், மரத்தின் கிளை போலப் பிரிந்து பிரிந்து மெலிந்துகொண்டே போகிறது. நுண்ணிய தூசி பட்டதும் அந்த மெல்லிய கிளைகளைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது, உள்பக்கம் வீங்குகிறது, சளி சேர்கிறது. காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் அப்போது பெரும்பாடு. வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும்.

தூசி எழுகிற விதமும் அழகானதுதான். லாரி கனத்தில் தார் முதலில் வெடிக்கும், பிறகு பெயரும், பிறகு ஜல்லி ஜல்லியோடு அரைபட்டு மாவாகும். அளவுக்கு மேல் ஏற்றிய மரக்கட்டைகள் சுவர் போல நிற்பதால், லாரி முன்னே போகப் போக அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதை நிரப்பச் சுற்றியுள்ள காற்று பாயும்போது மாவும் மேலே எழும். பெரிய துகள் சீக்கிரம் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துகள் விழாது, அடுத்த லாரி வரும்வரை மிதக்கும். நெஞ்சுக்குள் கடைசிக் கிளைவரை போவது அதுதான். கண்ணுக்குத் தெரிகிற புழுதி வெங்கடம்மாளின் போண்டாவில் விழுந்தது.

“டீயில டிகாசன் கம்மி, ரோடு ஜாஸ்தி,” என்று சொல்லித்தான் வெங்கடம்மாள் கிளாசை நீட்டுவாள். அவளுக்கும் இருமல்தான். கடை தெருவைப் பார்த்தபடி இருந்ததால், மூடுவதற்கு அவளுக்குக் கதவில்லை. இருமி முடித்துவிட்டு அவளே சொன்னாள்: “முனிவேலு, ஓசூர்ல இதுக்குன்னே ஒரு ஆபீசு வெச்சிருக்காங்களாம். போய் எழுதிக் குடுத்துட்டு வா. எம் பேரையும் சேத்துக்கோ.”

அப்படி ஓர் அலுவலகம் இருந்தது. எல்லையோரச் சாலைப் புழுதி நல வாரியம். முனிவேல் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பைக்கில் லாரிகளுக்குப் பின்னாலேயே வந்து, தலைமுதல் கால்வரை செம்மண் நிறத்தில் வாரியத்தின் வாசலில் நின்றான். ஆதாரத்தை உடம்பிலேயே கொண்டுவந்துவிட்டதாக அவனுக்கு ஒரு திருப்தி. வாசல் கண்ணாடிக் கதவில் ‘புழுதியுடன் உள்ளே வரக்கூடாது’ என்று எழுதியிருந்தது. காவலாளி அவனைக் குழாயடிக்கு அனுப்பி முகம் கை கால் கழுவச் சொன்னார், சட்டையை உதறச் சொன்னார், தலையையும் துவட்டச் சொன்னார். சுத்தமாக உள்ளே போனான்.

வாரியத்தின் செயலர் குருமூர்த்தி குளிர்சாதன அறையில் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“புழுதி, புழுதின்னு எழுதியிருக்கீங்க. உங்க மேல ஒண்ணும் காணோமே?”

“வாசல்ல கழுவச் சொன்னாங்க சார்.”

“அப்ப கழுவினா போயிடுது. அதை எழுதிக்கலாம்.” எழுதிக்கொண்டார். “சரி, இது எந்த மாநிலத்துப் புழுதி?”

முனிவேல் கழுவிய கையைத் திருப்பிப் பார்த்தான்.

“மரம் கர்நாடகத்துல ஏறுது. லாரி கர்நாடகப் பதிவு. டயர்ல ஒட்டிட்டு வர்ற மண்ணு அவங்க மண்ணு. நாளைக்கு நான் நடவடிக்கை எடுத்து, அது அவங்க புழுதின்னு ஆயிட்டா? இரு மாநில உறவு என்ன ஆகிறது? ஒரு வாரியம்னா நாலையும் யோசிக்கணும் முனிவேல். கூட்டு ஆய்வு வைக்கிறேன். நானே நேர்ல வர்றேன். நான் போய்ப் பார்த்த எந்த ஊர்லயும் இதுவரைக்கும் புழுதி இருந்ததே இல்லை. அதையும் நீங்க மனசுல வெச்சுக்கணும்.”

ஆய்வு நாளில் முனிவேல் விடுப்பு எடுத்தான். விடிகிற நேரத்தில் ஒரு தண்ணீர் லாரி வந்து தெருவை முனையிலிருந்து முனைவரை நனைத்துவிட்டுப் போனது. விசேஷ வீட்டுக்கு வாசல் தெளிப்பது போல, பெரிய மனிதர்கள் வருகிறார்கள், தெளிக்கிறார்கள் என்று நினைத்தான். மர லாரி ஒன்றுகூட வரவில்லை. லாரிக்காரர்களுக்கும் ஐயாமேல் மரியாதை இருக்கும் என்று நினைத்தான். வெங்கடம்மாள் அன்று போண்டாவை மூடாமலே வைத்திருந்தாள்.

கார்கள் வந்தன. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. பந்தலுக்குள் குத்துவிளக்கு ஏற்றினார்கள், அது அணையாமல் எரிந்தது. காற்று தூய்மையாக இருப்பதற்கு அதையே முதல் சான்றாகக் குறித்துக்கொண்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அதிகாரி சாலையில் குனிந்து, ஒரு கை மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இது தூளு அல்ல. கெசரு.”

கூட்டம் அப்படியே நின்றது. கன்னடத்தைத் தமிழாக்க வேண்டிய அதிகாரி சென்னையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அந்தத் தெருவில் கன்னடம் தெரியாதவர் குருமூர்த்தி ஒருவர்தான்.

“சாமி, அது புழுதி இல்லையாம், சேறாம்,” என்றாள் வெங்கடம்மாள்.

“நீங்க அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரா அம்மா?”

“டீக்கடைங்க.”

மொழிபெயர்ப்பாளர் வரும்வரை எல்லோரும் வெயிலில் நின்றார்கள். வந்தார், கேட்டார், சொன்னார்: “சேறு.” குருமூர்த்தியின் முகம் தெளிந்தது. சேறு என்றால் அது வேறு துறை.

ஆய்வின் இரண்டாம் பகுதி மக்கள் நலம். ஒரு பெண் ஊழியர் மாதேஸ்வரியிடம் ஒரு சின்னக் குழாயைக் கொடுத்து, நன்றாக இழுத்து, முழு பலத்தோடு ஊதச் சொன்னார். எவ்வளவு வேகமாக ஊதுகிறோமோ அவ்வளவு தூரம் உள்ளே முள் தள்ளப்படும். மூச்சுக்குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். எளிமையான, நேர்மையான கருவி. காலையிலிருந்து புழுதியில்லாத காற்றைக் குடித்திருந்த மாதேஸ்வரி ஊதினாள். முள் கோடியில் போய் முட்டியது. ஊழியரே கை தட்டிவிட்டார்.

“இவங்களா மூச்சு வராதவங்க?” என்றார் குருமூர்த்தி.

“இன்னிக்கு வருதுங்க. நேத்து வந்து பாத்திருக்கணும். நாளைக்கு வாங்க, விசிலடிச்சுக் காட்டறேன்,” என்றாள் மாதேஸ்வரி.

குருமூர்த்தி ஒலிபெருக்கியைப் பிடித்தார். “பெரியோர்களே, தாய்மார்களே. இந்த ஊரில் புழுதி பறக்கிறது என்று சொன்னார்கள். நான் வந்தேன். பறக்கவில்லை. இந்தச் சகோதரிக்கு மூச்சு வரவில்லை என்றார்கள். நான் வந்தேன். வருகிறது. நான் எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். நான் இருக்கும்வரை காற்று சுத்தமாக இருக்கிறது. நான் போன பிறகு மக்கள்தான் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். எப்படிக் கெடுக்கிறார்கள் என்பதை வாரியம் கண்டுபிடிக்கும்.”

கண்டுபிடித்தது. ஊர்ப் பெண்கள் காலையில் வாசல் கூட்டுகிறார்கள். கூட்டினால் தூசி எழுகிறது. ஆகவே மறு உத்தரவு வரும்வரை கெம்பகானப்பள்ளியில் வாசல் கூட்டக் கூடாது. நுரையீரலைப் பலப்படுத்தக் காலையில் வீட்டு வாசலில் நின்று மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். வீட்டுக்கு ஒரு முகக்கவசம். கவசத்தின் மேல் வாரியத்தின் சின்னம் கெட்டியான மையில் அச்சடிக்கப்பட்டிருந்தது. மை அடைத்த இடத்தில் காற்றே புகவில்லை. “இதப் போட்டா தூசியும் வராது, மூச்சும் வராது,” என்று வெங்கடம்மாள் அதில் டீ வடிகட்டிப் பார்த்தாள். டீயும் வரவில்லை.

பிறகு விழிப்புணர்வுப் பேரணி. பேரணிக்கு மேடை வேண்டும். மரக் கிடங்கு பெருந்தன்மையோடு ஒரு லாரியைக் கொடுத்தது. கட்டைகளை இறக்க நேரமில்லாததால், கட்டைகளின் மேலேயே பலகை போட்டு ஒலிபெருக்கி கட்டினார்கள். கிடங்கின் கணக்குப்பிள்ளையே மேலேறி நின்று பேசிக்கொண்டு வந்தார். வாரியத்திலிருந்து யாரும் வரவில்லை. ஆகவே தண்ணீரும் வரவில்லை. வழக்கமான லாரிகளும் நிற்கவில்லை. ‘தூய காற்று நம் உரிமை’ என்று எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஊரே லாரிக்குப் பின்னால் நடந்தது. லாரியின் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

மாதேஸ்வரி பாதியில் வீட்டுக்குள் ஓடிவிட்டாள். வெங்கடம்மாள் கடைவரை வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, மேசையைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலமானது. நூற்றியெட்டுக்கு போன் போட்டார்கள். ஆம்புலன்ஸ் சீக்கிரமே கிளம்பி வந்தது. ஊர் முனையில் நின்றது. எதிரே வரிசையாக மர லாரிகள், அவற்றுக்கு அப்பால் மேடை, மேடைக்குப் பின்னால் பேரணி. அந்தத் தெருவில் ஒரு மர லாரி போகும்போது சைக்கிள்கூட ஒதுங்க இடமில்லை. ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டே நின்றது. அதன் சத்தத்தைப் பேச்சாளர் பேரணிக்கான வரவேற்பாக எடுத்துக்கொண்டார். நாலு பேர் பெஞ்சோடு வெங்கடம்மாளைத் தூக்கிக்கொண்டு லாரிகளுக்கு இடையில் புகுந்து ஓடினார்கள். முனிவேலும் பெஞ்சின் ஒரு காலைப் பிடித்திருந்தான். ஆம்புலன்சை எட்டியபோது பெஞ்சின் கனம் மாறியிருந்தது.

அடுத்த நாள் காலையில் தெரு நனைந்திருந்தது.

சவத்தை எடுக்கிற நேரத்தில் கார் வந்தது. குருமூர்த்தி இறங்கி மலர்வளையம் வைத்தார். புழுதியில்லாத வீதியில் வெங்கடம்மாள் போனாள். மாதேஸ்வரி தெருமுனைவரை நடந்து வந்தாள், ஒரு தடவைகூட நிற்காமல். அங்கே நின்று, குருமூர்த்தியின் காதில் விழும்படி சொன்னாள்: “போறவளுக்கு மூச்சு எதுக்கு சார்? தண்ணிய நேத்து ஊத்தியிருந்தா அவளே உங்களுக்கு டீ போட்டுக் குடுத்திருப்பா, காசுகூட வாங்கியிருக்க மாட்டா.” குருமூர்த்தி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருகில் இருந்தவர் அதைப் படம் எடுத்தார்.

முனிவேல் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு நீளமான பேச்சு. இன்று நல்ல நாள். அவன் திரும்பி, ஓரமாக நிறுத்தியிருந்த தண்ணீர் லாரியிடம் போனான். ஓட்டுநர் பிரேம்குமார் சக்கரத்தடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, இந்த ரோட்டுக்கு நீ எப்பெப்ப தண்ணி அடிப்ப?”

“ஐயாமாரு வர்ற அன்னிக்குண்ணா.”

“எங்க ஊருக்கு யாரு வர்றாங்க? ஆய்வுக்கு ஒருதரம் வந்தாரு, இப்ப எழவுக்கு வந்திருக்காரு.”

“ஊருக்கு எங்கண்ணா வர்றாங்க! கிடங்குல ஒரு பங்களா இருக்குதில்ல, அங்க சாப்பிட வருவாங்க. இந்தத் துறை, அந்தத் துறைன்னு மாத்தி மாத்தி வருவாங்க. காருக்கு மேல தூசி படக் கூடாதுன்னு காலையிலேயே போன் வந்துடும். மர லாரிய எல்லையிலேயே நிறுத்திடுவாங்க. அவரு சாப்பிட்டுட்டுப் போறவரைக்கும் ஒண்ணும் உள்ள வராது.”

“யாரு வந்தாலுமா?”

“யாரு வந்தாலும். கிளார்க்கு வந்தா மட்டும் அரை டேங்கு.”

லாரி வராத நாளும் உண்டு என்று ஊருக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது; இருட்டோடு போய் இருட்டோடு வந்த முனிவேலுக்கு இரண்டுமே தெரியாது. கத்தரிக்காயின் மேலும் அமாவாசையின் மேலும் இருந்த பழி அந்த இடத்தில் நீங்கியது. ஓர் அதிகாரிக்குப் பசித்த நாளிலெல்லாம் மாதேஸ்வரி மூச்சு விட்டிருக்கிறாள்.

ஊர் கூடியது. சிலர் கிடங்கின் முன் மறியல் செய்யலாம் என்றார்கள். சிலர் மறுபடியும் மனு எழுதலாம் என்றார்கள். மனு எழுதிப் பார்த்தார்கள். அது மாதேஸ்வரியின் மூச்சைப் போல, உள்ளே போனது, வெளியே வரவில்லை. அப்போதுதான் முனிவேல் வேறு ஒன்றை எழுதினான். அதில் புழுதி என்ற சொல்லே இல்லை. ‘எங்கள் ஊரைத் தூய்மையாக வைத்திருக்கும் தங்களுக்குப் பாராட்டு விழா எடுக்க விரும்புகிறோம்’ என்று மட்டும் இருந்தது. அன்று மாலையே குருமூர்த்தியே போனில் வந்தார்.

“முனிவேல், தேதி நீங்களே போடுங்க. அப்புறம், பொன்னாடை பட்டா, ஜிகினாவா?”

அதிலிருந்து ஊரில் முறை வைத்தார்கள், மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு நாள் கூழ் ஊற்றுவது போல. இன்று ஒரு வீட்டார் ஒருவரைப் பாராட்டுவார்கள், நாளை அடுத்த வீட்டார் இன்னொருவரை. வாரியத்தில் ஆள் தீர்ந்ததும் பக்கத்துத் துறைகளுக்குப் போனார்கள். அழைத்தவர் யாரும் வராமல் இருந்ததில்லை. முனிவேல் கம்பெனியில் இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான். ஒரு நாளும் தெரு காயவில்லை. மாதேஸ்வரியின் சன்னலிலிருந்து சேலை இறங்கி, அவள் உடம்புக்கே திரும்பியது.

வரவேற்புரைக்கு நல்ல தொண்டை வேண்டுமே. ஊரில் அது இப்போது மாதேஸ்வரிக்குத்தான் இருந்தது. “காற்றின் காவலரே, எங்கள் நுரையீரலின் நாயகரே” என்று அவள் தடையில்லாமல் சொல்லி முடிப்பாள். முதல் தடவை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு செம்பு தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

“வெங்கடம்மா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா?” என்றான் முனிவேல்.

“சிரிச்சிருப்பா. சிரிச்சா அவளுக்கு இருமல் வரும்.” செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “மூச்சு இருந்தா திட்டலாம்னு நெனச்சேங்க. இருக்கற மூச்செல்லாம் புகழறதுக்கே போகுது.”

வருட முடிவில் வாரியத்துக்கு ஒரு விருது கிடைத்தது. அதையும் கெம்பகானப்பள்ளியிலேயே விழா வைத்து வாங்கிக்கொண்டார் குருமூர்த்தி. “மற்ற ஊர்களிலிருந்து எனக்குப் புகார் வருகிறது. இந்த ஊரிலிருந்து பாராட்டு வருகிறது. அப்படியென்றால் எந்த ஊர் மக்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள்? சிந்தியுங்கள்,” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மேடைக்கு முன்னால் ஈரம் காயத் தொடங்கியிருந்ததால் கூட்டத்தைச் சீக்கிரம் முடித்தார்கள்.

தினமும் லாரியை எல்லையில் நிறுத்தி நிறுத்திக் கிடங்குக்கு நஷ்டமாகிவிட்டது. அவர்கள் வேறு வழி பார்த்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் வழியாக மரம் வரத் தொடங்கியது. சில வாரங்களில் அந்த ஊரிலிருந்து ராமப்பன் என்பவர் முனிவேலைத் தேடி வந்தார். கண் சிவந்திருந்தது, மீசையில் மண் படிந்திருந்தது. மகளுக்கு இழுப்பு என்றார். வாரியத்துக்கு மூன்று மனு எழுதிவிட்டதாகச் சொன்னார்.

முனிவேல் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, பொறுமையாகச் சொன்னான்.

“மனு எழுதாதீங்க. பாராட்டு விழான்னு எழுதுங்க, உடனே வந்துடுவாங்க. அவங்க வர்றாங்கன்னா காலையில தண்ணி அடிப்பாங்க, மர லாரிய நிறுத்திடுவாங்க. ஆனா வாரத்துக்கு ஒருத்தரு வந்தா பத்தாது, மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். தினமும் ஒருத்தரு வரணும். அதிகாரி கிடைக்கலைன்னா கிளார்க்குங்கள கூப்பிடுங்க. ஒருத்தருக்கு அரை டேங்குதான் ஊத்துவாங்க, அதனால ரெண்டு பேரா கூப்பிடுங்க.”